மகளைத் தேடும் தாய்

திகிற் படங்களில் எனக்கு அதிக நாட்டமில்லை. முடிச்சொன்றைப் போட்டு, இரண்டு மணி நேரம் நம்மைத் தவிக்கவிட்டு, பின் அதனை அவிழ்த்துக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும் வித்தை அது. ‘லா சிவில்’ என்னும் படம் என்னை அவ்வாறு அனுப்பவில்லை. 2021 ஆம் ஆண்டு கான் விழாவிற் காட்டப்பெற்ற இப்படத்தை ஆக்கியவர், ருமேனியாவிற் பிறந்த பெல்ஜிய இயக்குநர் தியோடோரா ஆனா மிஹாய்.

வட மெக்சிக்கோவில் ஒரு பெண் கடத்தப்படுகிறாள். கேட்ட கப்பத்தைப் பெற்றோர் கொடுக்கின்றனர், மகள் திரும்பவில்லை. பொலிசார் கைவிரிக்கவே, தாய் தானே துப்பறியப் புறப்படுகிறாள். பின்னர் இராணுவ அதிகாரியொருவருடன் சேர்ந்து, படையினர் செய்யும் கொடுமைகளுக்கும் சாட்சியாகிறாள். படத்தின் சிறந்த பகுதி இதுவே. நீதி தேடிச் சென்றவளின் கைகளிலும் கறை படிகிறது; இயக்குநர் அதைத் துடைத்துவிட முயலவில்லை.

இக்கதைக்குத் தூண்டுதலாயிருந்தவர் மிரியம் றொட்றிகஸ். தமௌலிப்பாஸ் மாநிலத்துச் சான் பெர்னாண்டோ நகரில் 2014 இல் அவருடைய மகள் கடத்தப்பட்டாள். அங்கும் கப்பம் வீணாயிற்று. தாயார் தலைமயிரின் நிறத்தை மாற்றி, அரசாங்க ஊழியர்போல் வேடம் பூண்டு, கும்பலைச் சேர்ந்தோரை ஒருவர்பின் ஒருவராய்த் தேடிப்பிடித்து அதிகாரிகளுக்கு அடையாளங் காட்டினார். மகளின் எச்சங்களே அவருக்குக் கிடைத்தன. 2017 மே 10 ஆம் நாள், தம் வீட்டுக்கு முன்னாலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மெக்சிக்கோவில் அது அன்னையர் தினம்.

இத்தகையவரை வீரத்தாய் என்று போற்றுவது எளிது. அந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. துப்பறிவதும் சாட்சி தேடுவதும் அரசாங்கத்தின் வேலை. அதனை ஒரு தாய் செய்கிறாளென்றால், வியந்து நிற்பதற்கு முன், வேலைக்குரியவர் எங்கே போனார் என்றல்லவா கேட்க வேண்டும்? கண்ணகிக்கு வழக்குரைக்க ஓர் அவையாவது இருந்தது. தவறுணர்ந்து உயிர்விட ஓர் அரசனும் இருந்தான்.

2017 நவம்பரில் அந்நாட்டிற் காணாமற்போனோர் பற்றிய பொதுச் சட்டம் வந்தது. தேடுதலுக்கென ஆணைக்குழுவும் அமைந்தது. (ஆணைக்குழு என்னும் சொல் நம் நாட்டுத் தாய்மாருக்கும் புதிதன்று.) ஆயினும் 2022 மே மாதத்தில் அரசாங்கப் பதிவேட்டிலிருந்த பெயர்கள் ஒரு இலட்சத்தைக் கடந்துவிட்டன. தாய்மார் குழுக்குழுவாய்ச் சேர்ந்து, வெட்டவெளிகளில் இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து இறக்குகின்றனர். திகிற் படத்துக்கு உதவாத காட்சி இது, மிக மெதுவானது. கம்பியை வெளியே இழுத்து, அதன் நுனியை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பார்க்கின்றனர். பிணவாடை இல்லையெனின், சில அடி தள்ளி மறுபடியும் அடிக்கின்றனர்.