பேன்ட் தைக்க ஆம்பளை கைதான் வேணுமா?

ரவிக்கையின் கைக்குழி வளைவையே பிசகாமல் வெட்டும் நாம், பேன்ட் என்றதும் "அதெல்லாம் ஆம்பளை டெய்லர் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன ஜூனில் பள்ளி திறந்து பத்து நாளாகியும் டெய்லரிடமிருந்து மகனின் யூனிஃபார்ம் வரவில்லை. கலர் டிரஸ்ஸில் போனவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான். அன்றைக்கே மெஷினைத் தூசி தட்டினேன்.

முதல் பேன்ட் வீண்! முன்பாகம், பின்பாகம் இரண்டையும் ஒரே வளைவாக வெட்டியதில் பிள்ளையால் உட்காரவே முடியவில்லை. "காசைக் கரியாக்கிட்டியே" என்றார் இவர். பிறகு அவனுடைய பழைய பேன்ட்டைத் தையல் பிரித்து, செய்தித்தாளில் வைத்து வரைந்தேன். பின்பக்க வளைவு முன்பக்கத்தைவிட நீளம் என்பது அப்போதுதான் புரிந்தது. வளர்ந்த பிள்ளையாச்சே, பக்கவாட்டில் அரை அங்குலம் கூட்டினேன். துணியை நனைத்துக் காயவைத்து வெட்டினேன். கால் அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன். அடுத்த வருஷம் பிரித்து இறக்கலாம். கச்சிதம்!

இப்போது இவரே தன் பழைய பேன்ட்டை நீட்டுகிறார்!

மெஷினுக்கு ஆம்பளை, பொம்பளை தெரியுமா என்ன? சீராக வந்த மெஷினை மூலையில் போர்த்தி வைத்திருக்கும் தோழிகளே, ஒரு பழைய பேன்ட்டைப் பிரித்துப் பாருங்கள். அதுவே நமக்கு வாத்தியார்!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.