அடுப்பில்லா இனிப்புக்கும் இலையில் இடம் வேண்டும்

நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புதிய சங்கடம் தலைகாட்டுகிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. ‘வீகன்’ என்கிறார்கள். விசேஷ நாளில் பாயசம் வேண்டாம் என்றால், “இதென்ன வெள்ளைக்காரன் பழக்கம்!” என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறோம். அடுத்த விசேஷத்துக்கு அந்தப் பிள்ளை வராமலே இருந்துவிடுகிறது. ஒரு கரண்டி நெய்க்காக உறவு விலகலாமா?

அடுப்பில் ஏற்றாத பழ இனிப்பு நமக்குப் புதிதல்ல. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தமே அப்படிப்பட்டதுதான். மலைவாழை, சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காயுடன் நெய்யும் தேனும் சேரும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. ஆனால் நெய்யையும் தேனையும் நீக்கிவிட்டு அதே பெயரில் பரிமாறச் சொல்ல மாட்டேன். பிரசாதம் பிரசாதமாகவே இருக்கட்டும்.

நமக்கு வழி அடுத்த வீட்டிலேயே இருக்கிறது. கன்னடக்காரர்கள் செய்யும் ‘பாளெஹண்ணு ரசாயன’ என்னும் வாழைப்பழ ரசாயனம்! பெயரைக் கேட்டு உர மூட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழமும் தேங்காய்ப்பாலும் வெல்லமும்தான்.

நால்வருக்கு நன்கு பழுத்த ஏலக்கி வாழைப்பழம் எட்டு போதும். அரை மூடித் தேங்காயைத் துருவி, கொதித்து ஆறிய நீர் சிறிது விட்டு அரைத்து, கெட்டியான முதல் பாலைப் பிழியுங்கள். பொடித்த வெல்லம் 75 கிராமை அதில் கரைத்து வடிகட்டுங்கள். பழத்தை வில்லைகளாக நறுக்கிப் போட்டு, ஏலக்காய்ப் பொடி தூவினால் முடிந்தது. வெல்லமே காய்ச்சியதுதானே என்று கேட்கும் கண்டிப்பான ‘பச்சை உணவு’க்காரர்களுக்கு, விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்க்கலாம்.

பஞ்சாமிர்தம் பல நாள் தாங்குவதற்குக் காரணம், அதிலுள்ள மிகுந்த சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் வளர முடியாததுதான். ரசாயனத்தில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. தேங்காய்ப்பால் விரைவில் புளித்துவிடும். நறுக்கிய பழமும் காற்றுப்பட்டுக் கறுக்கும். ஆகவே பந்திக்குச் சற்று முன்பு செய்து, உடனே பரிமாறிவிட வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

பழம்தானே என்று சர்க்கரை நோயாளிகள் இரண்டாம் கிண்ணம் கேட்கவும் கூடாது. வெல்லமும் சர்க்கரைதான், பேரீச்சையும் விலக்கல்ல.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்ரீராம நவமிக்குப் பானகமும் கோசம்பரியும் தந்து நம்மை உபசரிக்கும் அண்டை வீட்டாருக்கு, அவர்கள் பண்டத்தையே நம் கையால் செய்து கொடுத்தால் மகிழ மாட்டார்களா? பல்லாண்டு இந்த ஊரில் பிழைத்த நமக்கு அது கடமையும்கூட.

பாயசத்தை நிறுத்துங்கள் என்று நான் கூறவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் ரசாயனமும் இருக்கட்டும். கொள்கையை விட்டுவிட்டு வா என்று பிள்ளையிடம் சொல்வதைவிட, உனக்கும் இங்கே இலை போட்டிருக்கிறது என்று சொல்வதுதான் பெரியவர்களுக்கு அழகு.