முன்னே செல்பவர் தம் அடியைக் குறுக்கட்டும்



உங்கள் முதுகின் அடிப்பகுதியில் தொடங்கும் ஒரே நரம்பு உயிரணுவின் இழை, பாதம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளுகிறது. அதன் நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை மேலேதான் உருவாகின்றன. அவை தாமாக மிதந்து இறங்குவதானால் நம் ஆயுள் முடிந்தாலும் போய்ச் சேரா. ஆகவே, அணுவுக்குள் நுண்குழாய்களாலான பாதைகளும், அவற்றின்மேல் சுமையோடு நடக்கும் புரதங்களும் உண்டு. 1985-இல் கணவாயின் நரம்பில் கண்டறியப்பட்ட கினேசின் நுனியை நோக்கிச் சுமக்கிறது. டைனீன் அங்கிருந்து உள்நோக்கிச் சுமக்கிறது. விரைவுச் சரக்கு நாளொன்றுக்கு 40 சென்டிமீட்டர்வரை செல்லும்.

கினேசின் வலியது, டைனீனோ தனியே நின்றால் மெலிந்தது. ஆயினும், பாரமான சுமையை டைனீன்கள் கூட்டமாய் இழுத்துவிடுகின்றன. அதன் காரணத்தை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழுவினர் 2013-இல் வெளியிட்டனர். பாரம் அழுத்தும்போது முன்னே செல்லும் டைனீன் தன் அடியைக் குறுக்குகிறது, பின்னால் வருபவை எட்டிச் சேர்கின்றன, சுமை பகிரப்படுகிறது.

சபைகளிலோ இதற்கு மாறான வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையும் ஏலத்தொகையும் பெயரோடு ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன. முன்னிருப்போரின் அடி நீளுகிறது. முந்திரி விளைச்சல் பொய்த்த குடும்பமும், குழுக்கடன் தவணைக்குத் தவிக்கும் தாயும் அசனத்துக்கு முன்பே வெளியேறிவிடுகிறார்கள். சில மாதங்களில் ஞாயிறு ஆராதனையிலும் அவர்களுடைய இடம் வெறுமையாகிறது.

மீன்சுருட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நாம் தொகை வாசிப்பதை நிறுத்தவேண்டும் என்பதே என் கருத்து. மொத்தக் கணக்கு மட்டும் சபைக்கு முன் வைக்கப்படட்டும். “காணிக்கை குறையுமே, ஆலய வேலை தாமதிக்குமே” என்பீர்கள். குறையலாம், தாமதிக்கலாம். குறுகிய அடி என்பது அதுதான்.

ஆதியாகமம் 33-இல், யாக்கோபு ஏசாவோடு விரைந்து செல்லவில்லை. இளம்பிள்ளைகளும் கறவை ஆடுமாடுகளும் தளர்ந்துபோகாதபடி அவற்றின் நடைக்கே தன் நடையை ஒப்புக்கொடுத்தான். கலாத்தியர் 6-இல் பவுல் நம்மைச் சுமக்கச் சொல்வது ஒருவர் மற்றவருடைய பாரத்தை. பின்தங்கியவர் அருகில் வந்து சேராமல் அது எப்படிக் கூடும்?

இந்த வாரம், ஆராதனைக்கு வராமற்போன ஒரு குடும்பத்தைச் சென்று பாருங்கள். காரணம் கேட்கவேண்டாம், சற்று நேரம் உடனிருங்கள்.

கர்த்தர் உங்கள் நடைகளை ஸ்திரப்படுத்துவாராக. ஆமென்.