ஐந்தாம் தரத்தில் காணாமற்போன பாடவேளை

ஆரம்பப் பிரிவின் நேரசூசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், ஆங்கிலம் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். இடையில் எங்காவது ஒரு கட்டத்தில் நூலகம் என்றோ ஆக்கச் செயற்பாடு என்றோ எழுதியிருக்கும். மூன்றாம் தரம் வரை அந்தப் பாடவேளை ஓரளவு உயிரோடு இருக்கிறது. நான்காம் தரத்தின் நடுப்பகுதியில் அது மெல்ல மாதிரி வினாத்தாள் செய்யும் நேரமாக மாறுகிறது. ஐந்தாம் தரத்தில் பெயர் மட்டும்தான் மிச்சம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை. முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்கள், மொத்தம் 200 புள்ளிகள். பத்து வயதுப் பிள்ளையின் ஒன்றரை வருட வாழ்க்கை இந்த நூறு வினாக்களைச் சுற்றியே ஓடுகிறது. காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இடையில் ஓதப் பள்ளி, இரவில் உம்மாவோடு கடந்தகால வினாத்தாள். பரீட்சையே வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. வசதி குறைந்த கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலையின் கதவு திறக்க வேண்டும் என்பது கன்னங்கரா காலத்திலிருந்தே இலவசக் கல்வியின் எண்ணம். இந்தப் பரீட்சை இல்லாவிட்டால் இக்கல்லூரிக்கு வந்திருக்க முடியாத தோழிகள் எனக்கே இருக்கிறார்கள். நான் கேட்பது வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை. அதை நான்காம், ஐந்தாம் தரங்களில் நாடகத்துக்கும் வாசிப்புக்கும் சித்திரத்துக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மேடை. தமிழ் மொழித் தினப் போட்டி நெருங்கும்போது எட்டுப் பத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்வார்கள். ஒப்பனை, உடை, மனப்பாடம், ஒத்திகை. அதுவும் நல்ல விடயம்தான். ஆனால் எப்போதும் தெரிவாகின்றவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். மற்ற முப்பது பேரும் கைதட்டுவதற்கு. நான் சொல்லும் வகுப்பறை நாடகம் வேறு. 1920களில் அமெரிக்காவில் வினிஃபிரெட் வார்ட் என்ற ஆசிரியை இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தார். இதில் பார்வையாளர் கிடையாது, மேடை கிடையாது, எழுதிக் கொடுத்த வசனமும் கிடையாது. ஒரு கதையை எடுத்து, அதற்குள் பிள்ளைகள் எல்லோரும் நுழைந்து பார்ப்பது, அவ்வளவுதான். செலவு என்று பார்த்தால் ஒரு கதிரை போதும்.

அந்தக் கதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் எங்கள் உயர்தர மாணவியர் சிலர் நான்காம் தர வகுப்பொன்றுக்குக் கதை வாசிக்கப் போனோம். நாங்கள் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரிந்த குரங்கும் முதலையும் கதை. வாசித்து முடித்ததும் வழக்கமாக ஐந்து வினாக்கள் கேட்போம். அன்று அதைச் செய்யவில்லை. வகுப்பின் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, "இதில் இருப்பவர் முதலை, நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்" என்றோம். ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தாள்.

"நாவப்பழம் எத்தனை நாள் வாங்கித் தின்னீங்க?" என்று முதல் கேள்வி. "கணக்கு வச்சில்ல" என்றாள் முதலை. "அப்ப ஏன் கூட்டாளியக் கொல்லப் பார்த்தீங்க?" "வீட்டில சண்டை வரும் எண்ட பயத்தில." வகுப்பே சிரித்தது. பிறகு ஒருத்தி எழும்பி, "பயம் எண்டா குரங்குக்கிட்ட மொதல்லயே செல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். முதலை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "செல்லத்தான் நினைச்சேன். அது முதுகில ஏறிச் சிரிச்சிச்சு. அதுக்குப் பொறகு வாய் வரல்ல" என்றது.

இந்தப் பதில் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. உடனே பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "பொய்! நடு ஆத்தில செல்லிச்சே!" என்று மறுத்தாள். இல்லை, ஆம் என்று வாதம் தொடங்கியது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் புத்தகத்தைச் சுற்றிக் கூடி அந்த வரியைத் தேடினார்கள். முதலை உண்மையைச் சொன்ன இடம் கிடைத்தது. அங்கே ஏன் சொன்னது, கரையில் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த வாதம். பாடவேளை முடிந்த மணி அடித்ததும் பலருக்குக் கோபம்.

வாசிப்பு என்பது இதுதானே. இப்போது நம் பிள்ளைகள் ஒரு பந்தியை வாசிப்பது கீழே உள்ள வினாக்களுக்கு விடை எங்கே இருக்கிறது என்று கோடிடுவதற்காக. வினாவை முதலில் வாசி, பிறகு பந்தியைப் பார் என்றுகூட வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்த அது நல்ல உபாயம். ஆனால் கதையை அப்படிப் பழகிய பிள்ளை பிறகு தானாக ஒரு புத்தகத்தை எடுக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்று கேட்டால், சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை, 1885 என்று நம் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். பொது அறிவு வினாவுக்கு மனப்பாடம் செய்தது. அசன்பே யார், அவனுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், தெரியாது.

பாத்திரம் பிரித்து வாசிப்பது இன்னொரு வழி. கதையின் பேச்சுப் பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு, தாளைப் பார்த்தே குரல் மாற்றி வாசிப்பது. மனப்பாடம் தேவையில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்பேன். சாதாரணமாக ஒரே பந்தியை ஐந்து முறை வாசி என்றால் அது தண்டனை. தன் பகுதி நன்றாக வர வேண்டும் என்று ஐந்து முறை வாசித்தால் அது ஒத்திகை.

சித்திரம் பற்றி ஒரு வார்த்தை. இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓடை, ஒரு குடிசை வரைவார்கள். கடற்கரையில் பிறந்து தோணியையும் வலையையும் தினம் பார்க்கின்ற பிள்ளையும் அந்த இரண்டு மலையைத்தான் வரைகிறாள்!

இனி, பெற்றோர் பலர் மனதில் இருக்கும் ஆனால் கூட்டத்தில் சொல்லாத தயக்கத்துக்கு வருகிறேன். நாடகம், கூத்து எல்லாம் நமக்குப் பொருந்துமா? மேடை, இசை, ஆடை என்று வரும்போது அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். வகுப்பறை நாடகத்தில் அவை எதுவும் இல்லை. நபிமாரையோ ஸஹாபாக்களையோ யாரும் நடிக்கப் போவதும் இல்லை. எஞ்சுவது பிள்ளையின் கற்பனை மட்டும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களைப் பற்றிய ஹதீஸை நாம் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். பொம்மைகளுக்கு நடுவில் துணியால் செய்த இறக்கைகளோடு ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இறக்கை வைத்த குதிரையை யாரும் பறித்து வைக்கவில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு சிரிப்பு. நல்ல வகுப்பறைக்கு வேறு என்ன வேண்டும்?

பெண் பிள்ளைகள் என்பதால் இந்த விடயம் எனக்கு இன்னும் அவசரமாகப் படுகிறது. ஒன்பது, பத்து வயது என்பது நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளை சத்தமாகச் சிரிக்கவும் முதலையாக உறுமவும் யாரும் தடுக்காத கடைசிக் காலம். அடுத்த வருடமே "பெரிய பிள்ளை" ஆகிவிடுவாள். அடக்கம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய் திறந்து கேள்வி கேட்கும் பழக்கம் அதற்கு முன்னர் வந்திருக்க வேண்டும். உயர்தர வகுப்பில் பாருங்கள். ஒன்பது ஏ எடுத்து வந்தவர்கள் விளங்காத இடத்தில் கையை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவளின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறார்கள். நாளை வைத்தியசாலையிலும், காரியாலயத்திலும், காதி நீதிமன்றத்திலும் தனக்காகத் தானே பேச வேண்டிய நிலை வரும். அப்போது அடுத்தவளின் கொப்பி இருக்காது.

இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. குழந்தை ம. சண்முகலிங்கம், பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் தமிழில் சிறுவர் நாடகங்களை எழுதி அரங்கேற்றியிருக்கிறார்கள். மட்டக்களப்பில் 1996இல், யுத்தத்தின் நடுவே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. பேசிக்கொள்ளாமல் பிரிந்து கிடந்த தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை அங்கே ஒன்றாகச் சேர்த்து, களிமண், வர்ணம், கதை, நடிப்பு என்று வாரக்கணக்கில் விளையாட விட்டார்கள். பெரியவர்கள் ஒன்றாக உட்கார முடியாத காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். குண்டுச் சத்தத்துக்கு இடையில் நேரம் ஒதுக்க முடிந்தது, நமக்கு வினாத்தாள்களுக்கு இடையில் முடியாதா?

ஆசிரியைகளைக் குறை சொல்வது சுலபம். நாற்பது பிள்ளைகளும் ஒரு பெறுபேற்றுப் பட்டியலும் தலைக்கு மேல் இருக்கும்போது அவர்களால் தனியாக எதுவும் செய்ய முடியாது. பெற்றோர் கூட்டத்தில் எழும் முதல் கேள்வியே எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல் என்பதாக இருக்கும்வரை அந்தப் பாடவேளை திரும்பி வராது. ஆகவே கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். இந்த மாதம் என் பிள்ளை வகுப்பில் என்ன கதை வாசித்தாள், என்ன வேடம் எடுத்தாள் என்று நான்கு உம்மாமார் கேட்டாலே போதும்.

நான்காம் தரத்தில் இப்போதே ஆரம்பிக்கலாம். ஐந்தாம் தரத்தில் அது கடினம் என்றால், பரீட்சை முடிந்த பிறகு ஆண்டிறுதி வரை உள்ள வாரங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறார்கள். கதை வாசிக்கவும் கதிரை போடவும் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் வரத் தயாராக இருக்கிறோம். செவ்வாய்க்கிழமைகளில் ஐந்தாம் பாடவேளை எங்களுக்கு ஓய்வு. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.