மடலில் அரசியல் கூடாதா?

பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு எழுதும் மடலில் விளையாட்டு விழாவும் விடுமுறை நாளும் இருந்தால் போதும், மாநில அரசியல் எதற்கு என்கிறார்கள். டெக்சஸில் இப்படிச் சொல்வது அநியாயம். அங்கே ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 2025இல் சட்டமன்றம் கூட்டிக்கொடுத்தது வெறும் 55 டாலர். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் திட்டத்துக்கோ 100 கோடி டாலர்! (ஆசிரியர் சம்பளத்துக்குத் தனி நிதி வந்ததும் உண்மை, அதையும் எழுதட்டும்.) ஆசிரியர் ஏன் விலகினார் என்று கேட்கும் தாய்க்கு, மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் நடந்ததை மறைத்துவிட்டு என்ன பதில் சொல்வது? மடலில் வேட்பாளருக்கு வாக்குக் கேட்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் நிதிநிலையை விளக்குவது கண்காணிப்பாளரின் கடமை. பெற்றோர்களே, அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.