லட்சத்தைக் கேட்கிறோம், மில்லிமீட்டரைக் கேட்பதில்லை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோயாளி இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டிபிஎஸ். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைக் கம்பியைச் செலுத்தி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, விடாமல் மின்துடிப்பு கொடுப்பது. இன்றைய வடிவத்தை 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் தொடங்கிவைத்தார். தகுந்த நோயாளிக்கு நல்ல சிகிச்சை. நான் எதிர்ப்பது சிகிச்சையை அல்ல. கம்பி எங்கே போய் நின்றது என்பதை நோயாளிக்குச் சொல்லாத பழக்கத்தைத்தான்.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் குறிவைக்கும் இடம் சப்தலாமிக் நியூக்ளியஸ். மண்டையோட்டிலிருந்து சுமார் 8 செ.மீ. உள்ளே, ஏறக்குறைய ஒரு காராமணி அளவு. அதிலும் அசைவுக்கான பகுதி மேல்புற வெளியோரம்தான். கம்பியின் தடிமன் 1.27 மி.மீ. நுழையும் கோணம் 1 பாகை பிசகினால் 80 × டேன் 1° = 1.4 மி.மீ. விலகல். 2 பாகை என்றால் 2.8. காராமணியை விட்டே வெளியே போய்விடலாம்.

வெளிப்பக்கம் விலகினால் மின்சாரம் தசைகளை இயக்கும் நரம்புப் பாதையில் பாயும். முகம் இழுக்கும், பேச்சு குழறும். உள்பக்கம் விலகினால் பார்வை இரண்டாகத் தெரியலாம். பின்பக்கம் போனால் உடம்பு மதமதக்கும். உடனே மின்சாரத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் நடுக்கம் திரும்பும்.

நம் உறவில் ஒரு பெரியவருக்கு இதுதான் நடந்தது. கை நடுக்கத்தை நிறுத்த மின்சாரத்தைக் கூட்டினால் வாய் கோணியது. "நோய் முற்றிவிட்டது" என்று பதில். அறுவைக்குப் பின் எடுத்த ஸ்கேனைக் கேட்டு அவர் மகன் மூன்று முறை அலைந்தான்.

முற்றியது நோயா, விலகியது கம்பியா? ஸ்கேன் பார்க்காமல் யார் சொல்ல முடியும்? அமெரிக்காவின் இரண்டு மையங்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், டிபிஎஸ் செய்தும் பலனில்லை என்று வந்த 41 பேரில் 19 பேருக்குக் கம்பி தவறான இடத்தில் இருந்தது. செய்துகொண்ட எல்லோரிலும் இத்தனை பேர் என்று அர்த்தமில்லை, குறையோடு வந்தவர்களில். வேறு சிலருக்கு மின்சார அளவு சரியாக வைக்கப்படவில்லை. திருத்தியபின் பலர் தேறினார்கள்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஆஸ்பத்திரி பலகைகளுக்குக் குறைவில்லை. எதற்கெடுத்தாலும் ரோபோ. ரோபோ நாம் கொடுத்த எண்ணுக்குத்தான் போகும். மண்டையில் துளையிட்டதும் மூளையைச் சுற்றிய நீர் கசிந்து, காற்று புகுந்து, மூளையே சற்று அமிழலாம். முன்பு எடுத்த படத்தில் இருந்த இடம் அப்போது அங்கே இருக்காது. அதனால்தான் நோயாளியை விழிக்கவைத்து நரம்பணுக்களின் மின்னோசையைக் கேட்கிறார்கள். அல்லது அறுவையின் நடுவிலேயே ஸ்கேன் எடுக்கிறார்கள். எந்த முறை என்பது மருத்துவர் பாடு. கடைசியில் எங்கே நின்றது என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன்பே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் எக்ஸ்ரே படத்தில் அளந்து மூளையின் ஆழத்துக்குப் போனார்கள். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களில் ஒருவரான கனகா 1975-இலேயே மூளைக்குள் மின்முனை பொருத்தியவர். எம்ஆர்ஐயும் கம்ப்யூட்டரும் வைத்திருப்பவர்கள், அளந்ததை எழுதித் தருவதற்கு என்ன தயக்கம்?

"நோயாளிக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரியைப் புள்ளிக்குப் பின் ஓர் எண் வரை ஒப்பிக்கும் பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

1. அறுவைக்குப் பின் ஸ்கேன் எடுத்து, முன் எடுத்த எம்ஆர்ஐயோடு பொருத்திப் பார்ப்பீர்களா?
2. குறித்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று வலம், இடம் தனித்தனியாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவீர்களா?
3. விலகியிருந்தால் மறுபடி வைப்பது யார் செலவு?
4. மின்சார அளவை மாதாமாதம் பார்த்துச் சரிசெய்யப்போவது யார்?

ஸ்கேன் சிடியைக் கையில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். விடைத்தாளைக் கண்ணில் காட்டாமல், "பையன் பாஸ்" என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் உங்கள் அப்பா அம்மா சும்மா விட்டிருப்பார்களா?

மருத்துவம் படித்த என் பிள்ளைகள் கீழே எழுதுங்கள். தேவைப்படும் வீட்டுக்குப் பகிருங்கள்.

– பள்ளிக்கரணையிலிருந்து, உங்கள் கணக்கு வாத்தியார்