லேப்டாப் இங்கே, டிவி அங்கே, கேபிள் எங்கே?

கள்ளக்குறிச்சிப் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அரசாங்கம் கொடுத்த பொருள் ஒன்றாவது கண்ணில் படும். மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் இப்போதைக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும். இங்கே பேச வந்தது இரண்டு பெட்டிகளைப் பற்றி. ஒன்று, 2006 செப்டம்பர் 15-ல் கலைஞர் ஆட்சியில் தொடங்கிய இலவசக் கலர் டிவி. இன்னொன்று, 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய இலவச லேப்டாப். இரண்டுமே அண்ணா பிறந்தநாளில் தொடங்கியவை. தொடக்கத்தில் இரண்டுக்குமே 14 இஞ்ச் திரைதான். ஆனால் கொடுத்த இரண்டு கட்சிகளைப் போலவே இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவே மாட்டா :-)

இது வெறும் கிண்டல் இல்லை. அந்த டிவிக்கு இருந்தது மஞ்சள், வெள்ளை ஒயர் செருகும் ஏ.வி. துளைகளும், கேபிள் ஒயர் மாட்டும் இடமும்தான். அன்றைய லேப்டாப்களில் இருந்ததோ 15 துளை விஜிஏ, இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைத்தால் சினிமா பார்க்கலாம். எழுத்து படிக்க முடியாது. பழைய டிவியில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576, அதுவும் பாதி பாதியாக மாறி மாறி வரும். லேப்டாப் திரையிலோ 768 வரிகள். எல்லாவற்றையும் அதற்குள் அமுக்கினால் 3 எது, 8 எது என்றே தெரியாது. அப்புறம் பேலன்ஸ் ஷீட் எங்கே டேலி ஆவது?

சரி, அந்த டிவியின் காலம் முடிந்துபோனது. இன்று பல வீட்டுச் சுவர்களில் எல்இடி டிவி தொங்குகிறது, பின்னால் எச்டிஎம்ஐ துளையோடு. லேப்டாப் எங்கே என்று கேட்டால் பரண் மேல் கை காட்டுவார்கள். "ஸ்கிரீன் போயிடுச்சுப்பா."

விஷயமே இங்கேதான் இருக்கிறது. 2011 முதல் தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்ட லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேல். ஸ்கிரீன் போனதாலேயே பரணுக்குப் போனவை அவற்றில் இருக்கத்தான் செய்யும். ஸ்கிரீன் போனால் லேப்டாப் போய்விட்டதாக அர்த்தம் இல்லை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் நன்றாக இருந்தால் அது ஒரு முழுக் கம்ப்யூட்டர், திரை மட்டும்தான் இல்லை. டிவியை முதலில் ஆன் செய்து, கேபிளைச் செருகி, பிறகு லேப்டாப்பை ஆன் செய்தால் பல மாடல்களில் தானாகவே படம் டிவிக்கு வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் பட்டனோடு பி-யைத் தட்டி, ஒரு கீழ் அம்பு, ஒரு என்டர். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம் (உடைந்த திரையில் எப்படியும் ஒன்றும் தெரியப்போவதில்லை!). டிவியில் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் லேப்டாப்பைத் திட்ட வேண்டாம். டிவி மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று ஏதாவது பெயரில் இருக்கும், அதைப் போட்டால் சரியாகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விஜிஏ மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால், ஒரு முனை விஜிஏ, மறுமுனை எச்டிஎம்ஐ என்று இருக்கும் வெறும் கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம். விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் சமாச்சாரம், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். விஜிஏ சத்தத்தைக் கொண்டுபோகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்கிரீனை மாற்றினால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு கதை என்று நகரத்து நண்பர்கள் கேட்கலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூரில் இருப்பவருக்கு ஸ்கிரீன் மாற்றுவது என்றால் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். கடையில் கொடுத்துவிட்டு மலை ஏற வேண்டும். வாங்க மறுபடி இறங்க வேண்டும். கூலிக்குப் போகும் வீட்டில் இரண்டு நாள் சம்பளம் அதிலேயே போய்விடும், ஸ்கிரீன் விலை தனி. கேபிளோ சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு முறை வாங்கினால் போதும்.

கேபிளுக்கு சிக்னலும் வேண்டாம். மலையில் இது சின்ன விஷயம் இல்லை. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எல்லாம் ஆன்லைன் என்றார்கள். டவர் கிடைக்காத ஊரில் ஆன்லைன் எங்கிருந்து வரும்? கீழே டவுன்லோட் செய்த பாட வீடியோக்களைப் பென் டிரைவில் கொண்டுபோய், லேப்டாப்பில் போட்டு, டிவியில் விட்டால் பத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். 14 இஞ்ச் திரையைச் சுற்றிப் பத்துத் தலைகள் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

திரை நன்றாக இருப்பவர்களுக்கும் லாபம் உண்டு. காமர்ஸ் படிப்பவர்கள் ஒரு முறை எக்ஸ்டெண்ட் போட்டுப் பார்க்க வேண்டும். டிவியில் பில், லேப்டாப்பில் டேலி. விண்டோவை மாற்றி மாற்றித் தட்டி, எந்த பில்லில் நின்றோம் என்று மறந்து, மறுபடி முதலிலிருந்து... அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனால் டிவி அணையும். லேப்டாப் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் போட்ட என்ட்ரி பிழைத்துக்கொள்ளும்.

முதல் வருடப் பொருளாதாரத்தில் நிரப்புப் பொருட்கள் என்று ஒரு பாடம் வரும். பேனாவும் மையும், காரும் பெட்ரோலும் என்று எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். ஒன்று இல்லாமல் இன்னொன்றுக்குப் பயன் குறைவு. லேப்டாப்புக்கு டெண்டர் விடும் அதிகாரிகளும் அதைப் படித்துத்தான் வந்திருப்பார்கள். ஆனாலும் பல ஆயிரம் ரூபாய் லேப்டாப்பைக் கொடுத்தபோது சில நூறு ரூபாய் கேபிள் யாருக்கும் தோன்றவில்லை. செலவு கூடும் என்று சொன்னால் நம்புவதற்கில்லை. லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும்போது கடை விலையா கொடுக்கப்போகிறார்கள்?

2025 பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தக் காலத்து லேப்டாப்களில் புதுக் குழப்பம் ஒன்றும் உண்டு. டைப்-சி துளையைப் பார்த்ததும் அதிலேயே டிவியை மாட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். எல்லா டைப்-சியிலும் படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குவது நல்லது. எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

இனி தருகிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் இருக்கட்டும். கூடவே எதை எங்கே செருகுவது, விண்டோஸ் பட்டனோடு எதைத் தட்டுவது என்று தமிழில் ஒரே ஒரு தாள். இதுவரை வாங்கியவர்கள் வாரக் கடைசியில் பரணில் ஏறி அந்தப் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி இறக்குங்கள். சார்ஜரையும் மறக்காமல் தேடி எடுங்கள், அது வேறு எங்காவது கிடக்கும்.